கோரைக்கு மேல் மூன்று மட்டை

எங்கள் விவசாயக் கந்தோர் ஒரு சிறப்பு மலர் வெளியிடப்போகிறதாம். ஓய்வுபெற்றவர்களிடமும் கட்டுரை கேட்கிறார்கள். என்னிடம் கேட்க வந்தவர், நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருக்கும் இளம் போதனாசிரியை. தேநீர் ஆறுவதற்குள் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் புல் மண்டிய நிலத்தில் காட்போட் மட்டைகளை விரித்து, மேலே வைக்கோலைக் கொட்டி, அதில் கத்தரி நடுகிறார்.

“இப்ப இதுதான் மிஸ் எல்லாரும் செய்றாங்க. உங்கட காலத்துல இதெல்லாம் இல்ல, என்ன?”

“எழுதித் தாறன் மகள்” என்று மட்டும் சொன்னேன். எழுதுகிறேன். மலர்க்குழு இதை வெட்டினால் வெட்டட்டும். என் பென்சனை வெட்ட முடியாது.

நான் முப்பத்தொரு வருடம் விவசாயப் போதனாசிரியையாக வேலை செய்தேன். கல்முனையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும்தான் பெரும்பகுதி. அதற்கு முன்பு இரண்டு வருடம் விவசாயப் பாடசாலையில் படித்தேன். அங்கே கோரைப்புல்லைப் பற்றி எனக்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி கிடைத்தது. அதன் விஞ்ஞானப் பெயர், தண்டின் முக்கோண வடிவம், மண்ணுக்குள் மணிமாலை போல ஓடும் கிழங்கு எல்லாவற்றையும் படம் வரைந்து காட்டினேன். அதைப் பிடுங்கிப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சித்தியடைந்திருக்க மாட்டேன். பிடுங்கினால் தலை மட்டும் கையோடு வரும். கிழங்கு கீழே இருந்துகொண்டு, ஒன்றுக்கு மூன்றாக மறுவாரம் முளைக்கும்.

என் மேலதிகாரிகளில் மறக்க முடியாதவர் சதாசிவம் சேர். திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்து மனிதர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். களத்துக்கு வந்தால் முதலில் செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பார். வெறுங்காலோடு போய் மண்ணில் நிற்பார். ஒரு சிட்டிகை எடுத்து மணந்து பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாங்களே எங்கள் குற்றங்களை வரிசையாகச் சொல்லி முடிப்போம். சத்தம் போட்டு ஒருநாளும் ஏசியதில்லை. எங்கள் நாட்குறிப்பில் பென்சிலால் ஒரு சொல் எழுதுவார்: “பார்த்தேன்.” அது கிடைத்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிடலாம். “பார்த்தேன். யோசிக்கவும்” என்று எழுதினால் ஒரு வாரம் சோறு இறங்காது.

சபியா ராத்தாவின் வளவுக் கதை நடந்தது அவருடைய காலத்தில்.

சபியா ராத்தா கீரைக்காரி. சுபஹு தொழுதுவிட்டுப் பறித்து, ஏழு மணிக்குள் சந்தையில் இருப்பார். ஐம்பது வயது, கணவர் இல்லை. வளவு அவருடையதல்ல. அது ஒரு ஹாஜியாரின் வீட்டோடு ஒட்டிக் கிடந்த வெறும் நிலம். துணிக்கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்த அந்த ஹாஜியார், “சும்மா கிடக்கிற மண்தானே, செய்ங்க” என்று ராத்தாவுக்கு விட்டிருந்தார். சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான். கடற்கரை மணல். அதில் ராத்தா பத்து வருடம் சாணமும் சாம்பலும் போட்டுப் பாத்தி அமைத்திருந்தார். அந்தச் சத்தையெல்லாம் தின்று வளர்ந்தது கோரைதான்.

நான் முதல்முறை போனபோது ராத்தா பாத்திக்குள் தவழ்ந்துகொண்டிருந்தார். நிமிரச் சொன்னேன்.

“நிமிந்தா பிறகு குனிய ஏலாது மிஸ். அதால குனிஞ்சே இரிக்கன்.”

முதுகு அப்படித் தேய்ந்திருந்தது. போதாததற்கு ஹாஜியாரின் மருமகன் ஒரு யோசனையோடு வந்திருந்தார். அந்த வளவில் கொங்கிரீட் போட்டு வாகனம் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்று திறக்க வேண்டுமாம். ஹாஜியார் என்னிடமே சொன்னார்.

“கோர வேலியத் தாண்டி எண்ட பூக்கண்டுக்குள்ளயும் வந்திட்டு மகள். மாரிக்கு முன்னம் சுத்தமாகாட்டி நானும் என்ன செய்ற? மருமகன் கேட்டுக்கிட்டே இரிக்காரு.”

களைநாசினி அடிக்கலாம் என்றால் கீரைப் பாத்தி. கூலிக்கு ஆள் பிடித்துப் பிடுங்கினாலும் பத்தாம் நாள் பழையபடி முளைக்கும். அப்போதுதான் கந்தோர் அலுமாரியில் கிடந்த ஒரு பழைய சிறுநூலில் மட்டை விரிக்கும் முறையைப் படித்தேன். வெளிச்சம் படாவிட்டால் களை செத்துவிடும், மட்டை உக்கி மண்ணோடு சேரும் என்று இருந்தது. மொத்தம் ஒன்றரைப் பக்கம். படித்த மறுநாளே ராத்தாவின் முன்னால் போய், இருபது வருடம் இதையே செய்தவள் போல நின்றேன்.

“இது நல்ல முறை ராத்தா. எத்தனையோ இடத்துல செஞ்சி பாத்தது.”

எத்தனையோ இடத்தில் செய்தது உண்மைதான். நான் செய்யவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மட்டைக்குப் பிரதான வீதிக் கடைகளில் சொல்லி வைத்தேன். ஒரு மின்சாரப் பொருள் கடையில் குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப் பெட்டி ஒன்று தந்தார்கள். அதை மடிக்க மனம் வரவில்லை. அப்படியே ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, அபாயா காற்றில் பறக்க, ஊர் நடுவால் வந்தேன். அன்று அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போன என் கணவரிடம் நாலு பேர் கேட்டார்களாம், “புதுசா பிரிஜ் எடுத்த எண்டு கேள்வி, எத்தின லீற்றர்?” வீட்டுக்கு இரண்டு மச்சிமார் பார்க்கவே வந்துவிட்டார்கள். குசினியில் எங்கள் பழைய பெட்டி உறுமிக்கொண்டு நின்றதைக் கண்டதும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நான் பிரிஜ்ஜை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதாகத்தான் அவர்கள் நம்பிப் போனார்கள்.

மட்டைகளை விரித்தோம். ஒரே அடுக்கு. ஒட்டுநாடாவைக்கூடக் கழற்றவில்லை. மேலே கொஞ்சம் வைக்கோல் தூவினேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம் அது. மறுநாள் மத்தியானம் காற்று எழும்ப, மட்டைகளில் பாதி ஹாஜியாரின் கூரையில் ஏறின. ஒன்று பாடசாலை மதிலைத் தாண்டிப் போனது. எஞ்சியவற்றின் வைக்கோலைத் தெருவில் திரிந்த ஆடுகள் தின்றன. வைக்கோல் முடிந்ததும் மட்டையைத் தின்றன. ஆடு தின்னாமல் விட்ட இடத்தில் பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். கோரை மட்டையைக் குத்திக்கொண்டு, தைத்த ஊசி போல வரிசையாக நின்றது.

ராத்தா என்னை ஏசவில்லை. கீரைக்கட்டு ஒன்றை என் கையில் தந்து, “கறியாக்கித் தின்னுங்க மிஸ், களைச்சிருப்பீங்க” என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் திரும்பும்போது கேற்றடியில் ஒரு மேசன் நிலத்தை அளந்துகொண்டிருந்தார். நாடாவின் மறுமுனையை ஹாஜியாரின் மருமகன் பிடித்திருந்தார். “வெள்ளிக்கிழமை கல்லு வந்திரும்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் நேரே கந்தோருக்குப் போனேன். களஞ்சிய அறையில் பழைய பலகை ஒன்று கிடந்தது. பச்சைப் பெயின்ட் பூசி, காய்ந்ததும் வெள்ளையில் எழுதினேன்:

“விவசாய ஆய்வுத் திடல். இல. 417. காலம்: 2 போகங்கள். அனுமதியின்றி இவ்விடத்தில் மண்ணைக் கிளறுதல், கட்டடம் அமைத்தல் தடை.”

நானூற்றுப் பதினேழு என் ஸ்கூட்டியின் கடைசி மூன்று எண்கள். யாருடைய கையெழுத்தும் இல்லை, கடிதமும் இல்லை. வியாழக்கிழமை காலையில் போய், ராத்தா வாய் பிளந்து பார்க்க, அலவாங்கால் குழி தோண்டி நட்டுவிட்டேன்.

மேசன் வந்து வாசித்தார். நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். “அரசாங்கத்தோட நமக்கென்னத்துக்கு” என்று போய்விட்டார். மருமகன் பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டுதரம் வாசித்தார்.

“இந்தப் பகுதியில எத்தின வளவத் தெரிவு செஞ்சிரிக்கி மகள்?”

“இது ஒண்டுதான் ஹாஜியார்.”

அதில் பொய் ஒரு துளியும் இல்லை.

“மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டாம் முறை நான் அவசரப்படவில்லை. முந்திய தோல்வியை ஊசி ஊசியாகப் பார்த்திருந்தேன். முதலில் கோரைக்கு விருந்து வைத்தோம். ஐந்து நாள் காலையும் மாலையும் வளவு முழுக்கத் தண்ணீர் ஊற்றினோம். “களைக்குத் தண்ணி ஊத்திற உத்தியோகத்தர இப்பதான் காண்றன்” என்றார் ராத்தா. உறங்கிக் கிடக்கும் கிழங்கெல்லாம் எழும்ப வேண்டும், எழும்பி வந்து தன் சேமிப்பைச் செலவழிக்க வேண்டும். அப்போதுதான் மேலே மூடினால் அதற்கு மறுபடி எழும்பப் பலம் இருக்காது. ஒரு சாண் வளர்ந்ததும் நெல் வெட்டும் தாக்கத்தியால் தரையோடு தரையாக அரிந்து, அரிந்ததை அங்கேயே விட்டோம். அதன்மேல் உக்கிய மாட்டுச்சாணம் பரப்பி நனைத்தோம்.

பிறகு மட்டை. ஒட்டுநாடா, கம்பி ஊசி எல்லாவற்றையும் கழற்றினோம். பளபளவென்று மினுங்கும் மட்டைகளை ஒதுக்கினோம், அவை உக்காது. மூன்று அடுக்கு வைத்தோம். ஒரு மட்டையின் விளிம்பு அடுத்ததன்மேல் ஒரு முழம் ஏறிக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கில் தெரியும் வெளிச்சத்தைக் கோரை மோப்பம் பிடித்து வந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் விரித்ததும், ஈரத்துணி போலத் தொய்யும்வரை தண்ணீர் ஊற்றினோம். நனைந்த மட்டையைக் காற்றால் தூக்க முடியாது. வளவைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஓரத்து மட்டைகளை அதற்குள் செங்குத்தாக இறக்கி மூடினோம். கோரை பக்கத்தாலும் வரும்.

மேலே போட வைக்கோல் மட்டும் போதாது. தோணா எனும் நீரோடையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அதை இழுத்துக் கரையில் ஒரு வாரம் காயவைத்து, பூ இல்லாமல் பார்த்து அள்ளி வந்தோம். அதன்மேல் வைக்கோலைக் கணுக்கால் புதையும் அளவு போட்டோம். கடைசியாகக் கடற்கரையில் கழித்துப் போட்ட மீன்வலையை வாங்கி வந்து ஆட்டுக்கு வேலி கட்டினோம்.

“இனிக் கீர எப்ப போடுற?” என்றார் ராத்தா.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். மட்டைமேல் கீரை விதை தூவ முடியாது. முதல் போகத்தில் மட்டையைச் சிலுவைபோல் கீறி, ஒரு சிரட்டை மண் வைத்துக் கன்றுதான் நடலாம். கத்தரி, மிளகாய், வெண்டி.

“நான் கீரக்காரி மிஸ். சந்தையில கத்தரி வித்தா சனம் என்னைத் தெரியாத மாதிரிப் பாக்கும்.”

“ஒரு போகம் தெரியாத மாதிரிப் பாக்கட்டும் ராத்தா.”

ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஆனால் மட்டையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்த அவரால் முடியவில்லை. நான் தலை திருப்பினால் போதும், ஒரு மூலையைக் கிளப்பிக் கீழே எட்டிப்பார்ப்பார். “உசிரோட இரிக்கா எண்டு பாத்த” என்பார். பார்த்த இடமெல்லாம் வெளிச்சம் புகுந்து கோரை உயிரோடுதான் இருந்தது.

பலகை நட்ட மூன்றாம் வாரம், சொல்லாமல் கொள்ளாமல் சதாசிவம் சேர் வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றி வேலியடியில் வைத்தார். வைக்கோல்மேல் ஏறி நின்றார். குனிந்து வைக்கோலை விலக்கி மட்டையைத் தடவினார். பிறகு நிமிர்ந்து பலகையை நிதானமாக வாசித்தார். ஹாஜியாரும் வேலிக்கு அப்பால் வந்து நின்றார்.

“ஒப்பீட்டுத் திடல் எங்க பிள்ளை?” என்றார் சேர்.

ஆய்வு என்றால் மட்டை போடாத நிலம் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். பரீட்சைக்குப் படித்த பாடம் அது. பலகை எழுதிய அவசரத்தில் மறந்துவிட்டேன். கண்ணில் பட்ட முதல் இடத்தைக் கைகாட்டினேன். அது ஹாஜியாரின் வாசலோடு ஒட்டிய பூக்கன்றுப் பாத்தி.

“அதுதான் சேர்.”

ஹாஜியாரின் புருவம் தொப்பிக்குள் போய்விட்டது. சேர் அவரைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார்.

“மிச்சம் சந்தோசம் ஐயா. அப்ப ரெண்டு போகத்துக்கு அதில ஒரு புல்லும் பிடுங்கப்படாது. பிள்ளை, அதுக்கும் ஒரு பலகை வை.”

திரும்பும்போது தெருவோரம் நின்று ஒரே கேள்வி கேட்டார்.

“கடிதம் எங்க?”

அவ்வளவுதான். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சிறுநூல், ஒற்றை அடுக்கு, ஆடு, மேசன், ஸ்கூட்டி இலக்கம் எதையும் விடவில்லை. அழவில்லை, ஆனால் குரல் அழுதது. பதவியுயர்வு நேர்முகம் கிட்டத்தில் இருந்த காலம். அரச முத்திரை இல்லாத பலகைக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

சேர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“பலகை பொய். திடலும் பொய்யாப் போனாத்தான் பிழை. வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து எண்ணு. ஒரு சதுர மீற்றருக்கு மரச்சட்டம் ஒண்டு அடி. ரெண்டு பக்கமும் எத்தின முளை வருதெண்டு எழுது. நான் கடிதம் தருவன். ஆனா இண்டைய திகதிதான் போடுவன், முன்திகதி போடமாட்டன். இடைப்பட்ட மூண்டு கிழமைக்கு ஆரும் கேட்டா நீதான் பதில் சொல்ல வேணும்.”

என் நாட்குறிப்பை வாங்கி எழுதினார்: “பார்த்தேன். பலகையின் எழுத்து அழகு.”

அது பாராட்டா ஏச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து இரண்டு போகம் வியாழக்கிழமைகளில் மழையிலும் எண்ணினேன். மட்டைமேல் முதல் மாதம் ஐம்பது அறுபது முளை வந்தது. வந்ததை ராத்தா தாக்கத்தியால் அரிந்துவிடுவார். பிறகு குறைந்தது. மாரி மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு மூலையை, இம்முறை அனுமதியோடு, இருவருமாகக் கிளப்பினோம். மட்டை தேநீரில் ஊறிய மாரி பிஸ்கட்போலக் கையில் பிய்ந்தது. கீழே வெளிறிப்போன முளைகள் நூடில்ஸ் மாதிரிச் சுருண்டு கிடந்தன. அந்தக் கடற்கரை மணலில் மண்புழு நெளிந்தது. ராத்தா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, “இதெங்க இருந்து வந்த?” என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

கத்தரி நன்றாகக் காய்த்தது. இரண்டாம் போகத்தில், உக்கிய மண்ணில் அவர் மறுபடி கீரை விதைத்தார். கோரை முற்றாகச் சாகவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் ராத்தா குந்தியிருந்து அரை மணித்தியாலத்தில் பிடுங்கி முடிக்கும் அளவுக்கு வந்திருந்தது. தவழ்வதை நிறுத்தினார்.

மறுபக்கம் ஹாஜியாரின் வாசல். “ஒப்பீட்டுத் திடல். களை பிடுங்குதல் தடை” என்ற பலகையின் கீழ்க் கோரை முழங்கால் உயரம் நின்றது. ரோஜாக் கன்றுகள் எங்கே என்றே தெரியவில்லை. பெருநாளைக்கு வந்த சொந்தக்காரரெல்லாம் அந்தக் காட்டை மிதித்துத்தான் வீட்டுக்குள் போனார்கள். ஹாஜியார் ஒவ்வொருவருக்கும் பலகையைக் காட்டி விளக்கம் சொன்னார். நான் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

இரண்டு போகமும் முடிந்தது. பலகைகளைப் பிடுங்க நான் போனேன். அதற்கு முன்பு அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அரித்தது. பதவியுயர்வும் கிடைத்துவிட்டது, பயமும் குறைந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

“ஹாஜியார், மன்னிக்கோணும். முதல் பலகைய நட்டது நானாத்தான். கடிதம் மூணு கிழமைக்குப் பிறகுதான் வந்த.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“தெரியும் மகள்.”

“என்ன?”

“நட்ட அடுத்த நாளே உங்கட கந்தோருக்குப் போய்க் கேட்டன். அப்பிடி இலக்கம் ஒண்டு இல்லையெண்டு லிகிதர் சொன்னாரு. திரும்பி வரக்குள்ள கேற்றடியில உங்கட ஸ்கூட்டியக் கண்டன். நம்பரையும் கண்டன்.”

பிறகு ஏன் பேசாமல் இருந்தார் என்று கேட்டேன்.

“மருமகனுக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது மகள். எண்ட மகள்ற முகத்தப் பாக்கோணும். அரசாங்கம் இல்லையெண்டு சொன்னா அவருக்குக் கோவம் அரசாங்கத்தோட. ராவும் பகலும் வாகனம் கழுவுற சத்தத்துல நான் எப்பிடிக் குர்ஆன் ஓதுற? ரோசாக்கண்டு போனாப் போகட்டும்.”

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் சின்ன வெள்ளைப் பெயின்ட் டின், மறு கையில் தூரிகை. வாங்கிப் பல நாளாகியிருக்க வேண்டும், மூடியில் தூசி படிந்திருந்தது.

“மருமகன் திரும்பவும் கதைக்கத் தொடங்கிட்டாரு. பலகையில அந்த ரெண்டு போகத்த அழிச்சிட்டு அஞ்சு எண்டு போட்டா என்ன?”

“ஹாஜியார், நான் அரசாங்க உத்தியோகத்தர். அதெல்லாம் எழுத எனக்கு ஏலாது.”

“நீங்க எழுத வேணாம்” என்றார்.

அவரே எழுதினார். ஐந்து கொஞ்சம் கோணலாக வந்தது. பலகை ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.